சாட்சி நேரத்தில் தோற்றவர்களுக்கு இடம் உண்டா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | ஞாயிறு, இரவு 9.42

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சேலத்துக்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் மனசு விட்டு எழுதுகிறேன்.

எனக்குக் கொலுசுத் தொழில். அப்பா காலத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், அதைக் கொலுசாக்கித் திரும்ப எடை போட்டுக் கொடுத்துக் கூலி வாங்குவோம். வெள்ளி விலை ஏறினால் எங்களுக்குக் கொண்டாட்டம் என்று வெளியில் பேசிக்கொள்கிறார்கள். வெள்ளி எங்களுடையதாக இருந்தால்தானே? கூலி மட்டும்தான் எங்களுடையது. விலை ஏற ஏற, வாங்குகிறவர்கள் எடை குறைந்த கொலுசாகக் கேட்கிறார்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுகிறார்கள். கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு ஆர்டர் பாதியானால் வருமானமும் பாதி. சேதாரம் கொஞ்சம் கூடினாலும் அந்தக் காசு எங்கள் கூலியில்தான் கழியும். பற்றவைக்க இருந்த பையன்கள் ஒவ்வொருவராக வேறு வேலை தேடிப் போனார்கள். போன மாதம் பட்டறையைப் பூட்டிவிட்டேன். கம்பி இழுக்கும் மிஷினையும் விற்றாயிற்று.

நான் கேட்க வந்தது தொழிலைப் பற்றி இல்லை.

ஜனவரி 1 நள்ளிரவு ஆராதனையில் எங்கள் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருடத்துக்கான வேதவசனம் எழுதிய அட்டை, எடுப்போம். இந்த வருடம் எனக்கு வந்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதைப் பட்டறைச் சுவரில், தராசுக்கு மேலே ஒட்டினேன். காலையில் அதன்மேல் கை வைத்து ஜெபித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். பூட்டின அன்றைக்கு அதைக் கிழிக்கவும் மனசு வரவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகவும் மனசு வரவில்லை. அப்படியே விட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் செய்ததை எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் ஒருவர் மகனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்ததைச் சொன்னார். ஒருவர் வீட்டு லோன் பாஸ் ஆனதைச் சொன்னார். ஒரு அம்மா ஆபரேஷன் இல்லாமலே கட்டி கரைந்தது என்று அழுதுகொண்டே சொன்னார். அவர்களுக்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் என் உள்ளே ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து, "பட்டறை போய்விட்டது, கடன் இருக்கிறது, இன்னும் கர்த்தரை நம்பிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் அது சாட்சியா? ஆராதனை முடிந்து எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். "பொறுங்க தம்பி, கர்த்தர் நிச்சயம் செய்வார், செய்த பிறகு சொல்லுங்க" என்றார். பாசமாகத்தான் சொன்னார்.

செய்யாவிட்டால்? நான் விசுவாசத்தை விடவில்லை. விட்டுவிடக்கூடாது என்றுதான் கேட்கிறேன். இப்படி ஒரு காலத்தைத் தாண்டி வந்தவர்கள், அதற்குள்ளேயே இருக்கிறவர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

---

ஜெபவீரன்_ஓமலூர் | ஞாயிறு, இரவு 10.15

பிரியமான சகோதரரே, மனம் தளராதிருங்கள். கர்த்தர் வாக்கு மாறாதவர். வாக்குத்தத்தம் நிறைவேறவில்லை என்றால் தடை நம் பக்கம் எங்கேயோ இருக்கிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் சரியாகப் போகிறதா? மல்கியா 3:10 வாசியுங்கள். யார்மேலாவது கசப்பு இருக்கிறதா? முன்னோர்களின் சாபம் ஏதாவது? ஏழு நாள் உபவாசம் எடுத்து வீட்டைப் பரிசோதியுங்கள். "நடக்கவில்லை" என்று வாயால் அறிக்கையிடாதீர்கள். நாவின் அதிகாரத்தில் மரணமும் ஜீவனும் இருக்கிறது. நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன், இது வெறும் வார்த்தை இல்லை.

---

பெயர்_வேண்டாம் | திங்கள், அதிகாலை 1.20

ஓமலூர் சகோதரருக்கு மரியாதையோடு ஒரு பதில்.

கல்யாணமாகி வெகு காலமாக எங்களுக்குக் குழந்தை இல்லை. நீங்கள் கேட்ட எல்லாக் கேள்வியையும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தசமபாகம், கசப்பு, முன்னோர் சாபம், மாமியார் வீட்டுப் பழைய பித்தளைச் சாமான் வரைக்கும். எல்லாவற்றையும் பரிசோதித்தோம். உபவாசம் இருந்தோம். ஒரு ஊழியர் தலையில் கை வைத்து "அடுத்த வருடம் இதே காலத்தில்" என்று, முதிர்வயதுவரை பிள்ளை இல்லாத சாராளைக் குறித்து வேதத்தில் சொன்ன வார்த்தையைச் சொன்னார். அந்த வருடம் போனது. அவர் அதற்குப் பிறகு எங்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். எனக்கு அவர்மேல் கோபம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "உன்னிடம் என்ன குறை" என்று தேடித் தேடி, கடைசியில் ஜெபிக்க உட்கார்ந்தாலே குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

குருடனாய்ப் பிறந்தவனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான், இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று. இயேசு இரண்டும் இல்லை என்றார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றிப் பேசும்போதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்காதீர்கள் என்று சொன்னார். இந்த இரண்டு இடத்தையும் பைபிளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தூக்கம் வராத ராத்திரிகளில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை அண்ணா, எங்கள் சபையில் அன்னையர் தினத்தில் அம்மாக்களை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லிப் பூ கொடுப்பார்கள். அன்றைக்கு நான் ஆராதனைக்குப் போவதில்லை. மற்ற எல்லா ஞாயிறும் போகிறேன். இப்படித்தான் இருக்கிறேன்.

---

மலைத்தோட்டம் | திங்கள், காலை 6.05

அண்ணா, நான் ஏற்காடு, நாகலூர் பக்கம். சின்னத் தோட்டம்தான். அரபிகா காப்பி, நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி.

காப்பிக்காரனுக்கு வருடத்தில் இரண்டு பயம் உண்டு. மார்ச், ஏப்ரலில் பூ மழை வருமா என்பது ஒன்று. பழம் பறிக்கிற நேரத்தில் மழை வந்து உதிர்த்துவிடுமோ என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் இல்லாமல் மூன்றாவது வழியில் அடி விழுந்தது. பெருங்காற்றில் நிழல் மரங்கள் சில சாய்ந்து, வெயில் நேராகச் செடித் தண்டில் விழ ஆரம்பித்தது. வெயில் படுகிற தண்டுதான் துளைப்பான் வண்டுக்குப் பிடிக்கும். பட்டை இடுக்கில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு உள்ளே நுழைந்து தின்று கொண்டு போகும்போது வெளியில் ஒன்றும் தெரியாது. அப்புறம் இலை பழுக்கும், தண்டில் மோதிரம் போட்ட மாதிரி மேடு தெரியும். நான் பார்த்தபோது செடியைப் பிடித்து லேசாக ஆட்டினேன், முழங்கால் உயரத்தில் மடக்கென்று உடைந்தது. உள்ளே மரத்தூள் இறுக்கமாக அடைத்திருந்தது. நடுவில் ஒரு வெள்ளைப் புழு. அந்த வரிசை முழுக்க அப்படித்தான். பிடுங்கி எரிப்பதைத் தவிர வழி இல்லை. திரும்ப நட்டால் காய் பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். அதே மழைக் காலத்தில் மிளகும் வாடல் நோயில் போனது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. உங்களுக்குத் தெரியும், அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம், ஆராதனை முடிந்ததும் ஏலம். காப்பி, மிளகு, ஆரஞ்சு, பலா, சவ்சவ், பட்டர் ஃப்ரூட், சேவல் என்று கோயில் முழுக்க வாசனையாக இருக்கும். நான் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். என் வீட்டுக்காரிதான், "விளைந்ததைத்தானே கேட்கிறார்கள், நமக்கு விளைந்தது இதுதான்" என்று கீழே உதிர்ந்து கறுத்துப்போன காய்களைப் பொறுக்கி ஒரு படி அளந்து துணிப்பையில் கட்டிக் கொடுத்தாள். கூச்சத்தோடு ஓரமாக வைத்தேன்.

பாஸ்டர் ஒவ்வொரு பொருளாகத் தொட்டு ஜெபித்துக்கொண்டு வந்தவர், பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இது யாருடையது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்து, "நீங்களே வாசிங்க" என்றார். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும்" என்று தொடங்கி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, தொழுவத்து மாடு என்று ஒவ்வொன்றாகப் போகிறது அந்த வசனம். சின்ன வயதில் மனப்பாடப் போட்டியில் கடகடவென்று ஒப்பித்த வசனம். அன்றைக்குத் தொழுவத்து மாடு வரைக்கும் வந்தேன், அதற்கு மேல் குரல் வரவில்லை. "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிற வரியைச் சபையாரே சேர்ந்து சொல்லி முடித்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். வெளியே வந்ததும் இரண்டு பேர் என்னிடம் வந்து, "எங்க தோட்டத்திலயும் துளைப்பான்தான், வெளியில சொல்லல" என்றார்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என் கதை தெரியாது. இப்போது மூன்று குடும்பமும் சேர்ந்து செடி செடியாகப் பார்த்துத் தாக்கினதை ஒரே நேரத்தில் பிடுங்குகிறோம், பட்டையைத் தேய்த்து விடுகிறோம், நிழல் மரம் நடுகிறோம். ஒருவர் மட்டும் பிடுங்கினால் அடுத்த தோட்டத்து வண்டு வந்துவிடும் என்பதால் இது சேர்ந்துதான் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே, எழுந்து சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். ஐயர் வேண்டாம் என்றால் காணிக்கைத் தட்டில் எழுதியாவது போடுங்கள்.

---

கோரிமேடு_மாணவன் | திங்கள், காலை 8.30

நான் இரண்டாவது தடவையும் நீட்டில் போய்விட்டேன். "தலையாக்குவார், வாலாக்கமாட்டார்" என்று சபையில் எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள். இப்போது யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. மேலே அந்த அக்கா எழுதியதையும், உதிர்ந்த காயைக் கொண்டுபோனதையும் படித்தேன். அவ்வளவுதான் சொல்லத் தோன்றுகிறது. தொடர்ந்து எழுதுங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன்.

---

அரிசிபாளையத்தான் | திங்கள், மதியம் 1.10

கத்தோலிக்கன் நடுவில் புகுந்து பேசலாமா என்று யோசித்தேன். கஷ்டத்துக்கு எந்தச் சபை என்ன.

நண்பரே, சாட்சி என்ற ஒரு நேரம் எங்கள் பூசையில் கிடையாது. அதனால் உங்கள் சங்கடம் அப்படியே எனக்கு வராது. ஆனால் நவநாள் செபத்தில் எழுதிப் போட்டு நடக்காத மன்றாட்டு எங்களுக்கும் உண்டு. என் தம்பியின் சிறுநீரகத்துக்காக ஒரு குடும்பமே முழந்தாளில் நின்றோம். தவக்காலத்தில் அவனை அடக்கம் செய்தோம்.

அப்போது எங்கள் பங்கில் இருந்த வயதான ஃபாதர் ஒருவர், வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது திருப்பாடல் 88-ஐப் படிக்கச் சொன்னார். படித்தால் திக்கென்று இருந்தது. மற்றப் புலம்பல் பாடல்களில் கடைசியில் "ஆனாலும் உம்மைப் புகழ்வேன்" என்று ஒரு திருப்பம் வரும். இதில் வராது. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. திருச்சபை இதை ஒதுக்கி வைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். குருக்களும் கன்னியரும் சொல்கிற கட்டளை செபத்தில், வெள்ளிக்கிழமை இரவுக்கு உரிய பாடல் இதுதான். வாரா வாரம், உலகம் முழுக்க, யாராவது ஒருவருக்காக இதைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள். சிலுவையில் இயேசுவே "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கத்தினாரே. அதை, ஆசீர்வாதத்தைத் தடைசெய்கிற அறிக்கை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று, நம்ம ஊர் சம்பந்தப்பட்டது. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரையில் வேலை செய்தபோது, இந்த ஊர்த் துறவி மாதிரி உடுத்தி வாழ்ந்து போதித்த அவருடைய வழிமுறையை உடன் இருந்த குருக்களே எதிர்த்தார்கள். புகார் கோவாவுக்குப் போய், ரோமாபுரிக்குப் போய், பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. எதிரி திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், சொந்த வீட்டிலேயே சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும்? அந்தக் காலத்தில் அவர் மதுரையை விட்டு ஓடவும் இல்லை, சபையை விட்டு வெளியேறவும் இல்லை. 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரியின் முடிவு அவருக்குச் சாதகமாக வந்தது. அதே ஆண்டு கிளம்பி, சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தார். கடைசியில் பார்வை மங்கி 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார். வழக்கு ஜெயித்தது பெரிய விஷயம்தான். எனக்கு அதைவிட, முடிவே தெரியாத அந்தப் பத்துச் சொச்சம் வருடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

---

பழைய_வாத்தியார் | திங்கள், இரவு 7.50

தம்பி, உங்கள் அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

எரேமியா 29:11-ஐத் தனியாக வெட்டி எடுத்து அட்டையில் போடுகிறோம். அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. வீடு, தொழில், ஆலயம் எல்லாம் போன ஜனங்கள். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்பு என்று இருக்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த விடுதலையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொன்னான். ஜனங்களுக்கு யாருடைய வார்த்தை இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அனனியா சொன்னது பொய், எரேமியா சொன்னது கர்த்தருடைய வார்த்தை. அந்த எழுபது வருஷத்துக்கு என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றார்.

ஆகவே தம்பி, அந்த வசனம் உங்களை ஏமாற்றவில்லை. பட்டறை போனவனுக்காகவே எழுதப்பட்டது அது. போய் அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அட்டைப் பழக்கமே தப்பு என்று யாராவது கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார்கள் வருடத்துக்கு ஒரு வசனம் என்று பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டு நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். பழக்கத்தை ஒழிக்க வேண்டாம். அட்டையோடு அதிகாரம் முழுவதையும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும்.

ஓமலூர் சகோதரருக்கு: எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க அவருடைய சிநேகிதர்கள் வந்தவுடன் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது அவ்வளவு புலம்பிய யோபுவின்மேல் இல்லை, கர்த்தருக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேர்மேல்.

நம் மலையோடு சேர்ந்த ஒரு மனிதரைப் பற்றியும் சொல்ல ஆசைப்படுகிறேன். 1882-ல் ஏற்காட்டில் இறந்த பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் மிஷனரியாக இருந்தபோது, ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைப் புதிதாகத் தமிழில் கொண்டுவருவதில் பல வருடம் உழைத்தார். 1850-ல் அது அச்சாகி வந்தது. சென்னைப் பக்கத்து மிஷனரிகள் அதை ஏற்கவில்லை. பிறகு ஹென்றி பவர் தலைமையில் வேறு குழு அமைந்து, 1871-ல் வந்த திருத்திய மொழிபெயர்ப்புதான் நம் கைகளில் நிலைத்தது. ஒரு மனிதனின் நடு வயது முழுவதையும் தின்ற வேலை, சபைகள் ஏற்காமல் ஓரமாகப் போய்விட்டது. அவர் மிஷனை விட்டார், வேறு சபையில் சேர்ந்தார், சென்னையில் பிரசிடென்சி கல்லூரியில் பாடம் நடத்தினார், தமிழில் பத்திரிகை நடத்தினார். தமிழை மட்டும் கடைசி வரை விடவில்லை. ஏற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். ஏனென்று காரணம் கேட்டால், நான் ஆசிரியராக இருந்தவன். நல்ல பிள்ளைகளின் நல்ல உழைப்பு மார்க் வாங்காமல் போவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன்.

கோரிமேட்டுத் தம்பி, இது உனக்கும்தான். நீ யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். வீட்டில் அம்மாவிடமாவது பேசு. இங்கேயும் எழுது.

---

ஜெபவீரன்_ஓமலூர் | திங்கள், இரவு 9.05

ஐயா, சகோதரி, எல்லாருடைய பதிலையும் படித்தேன். யாரையும் காயப்படுத்த எழுதவில்லை. ஆனால் ஒன்றை நான் விட்டுக்கொடுக்க முடியாது. எனக்குக் கால் நடக்க வராமல் இருந்தது. ஜெபத்தில் எழுந்தேன். அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கர்த்தர் இன்றைக்கும் அற்புதம் செய்கிறவர் என்று நான் சொல்லாவிட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். நடக்காததையே பேசிக்கொண்டிருந்தால் கேட்கிறவர்கள் ஜெபிக்கவே மாட்டார்களே?

---

மலைத்தோட்டம் | திங்கள், இரவு 9.30

சொல்லுங்கள் அண்ணா, தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் கால் எழுந்ததைக் கேட்க எனக்கும் ஆசைதான். நீங்கள் உட்கார்ந்ததும் அடுத்து நான் எழுந்து என் உதிர்ந்த காயைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

---

அஸ்தம்பட்டி_அக்கா | செவ்வாய், பிற்பகல் 3.15

டியூட்டி முடிந்து இப்போதுதான் உட்கார்ந்து எல்லாம் படித்தேன். நான் நர்ஸ். ஐசியூ வாசலில் ஜெபிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பிழைத்தவர்களின் சொந்தக்காரர்களும் ஜெபித்தார்கள், போனவர்களின் சொந்தக்காரர்களும் ஜெபித்தார்கள். இரண்டு பக்கத்துக் கண்ணீரையும் பார்த்த என்னால், விசுவாசம் கூடுதல் குறைவு என்று அளந்து சொல்ல முடியாது. ஓமலூர் தம்பி, பவுலைப் பாருங்கள். அவர் உடலில் பட்ட துணியைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி போனது என்று அப்போஸ்தலர் 19-ல் இருக்கிறது. அதே பவுல் தன் கடைசிக் கடிதத்தில், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். ஏன் என்று ஒரு விளக்கமும் இல்லை. தன்னை விடாமல் வருத்திய 'மாம்சத்து முள்' நீங்க மூன்று தடவை வேண்டியும் அது எடுபடவில்லை. உங்கள் காலும் உண்மை, துரோப்பீமுவும் உண்மை. இரண்டையும் வேதம் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

சரி, செவ்வாய்ப்பேட்டைத் தம்பி. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னக் கூட்டம் நடக்கிறது. பாட்டு, ஒரு சங்கீதம், ஜெபம். ஆரம்பத்தில் எல்லா ஜெபக்கூட்டம் மாதிரிதான் இருந்தது. ஜெபக்குறிப்பு சொல்வார்கள், நடந்தால் வந்து சொல்வார்கள். நடக்காதவர்கள் மெதுவாக நின்றுவிடுவார்கள். ஒரு அம்மா அப்படி நின்றுபோனபோது வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "என் குறிப்பு நோட்டில் அப்படியே இருக்கு, உங்களுக்கே சங்கடமா இருக்கும்னுதான் வரல" என்றார். அதைக் கேட்டதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நோட்டில் பழைய குறிப்புகளை அடிக்காமல், மாதத்தில் ஒரு வெள்ளி எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்போம். இன்னும் நடக்கவில்லை என்றால் இன்னும் நடக்கவில்லை என்று சொல்வோம். சங்கீதம் 13-ல் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அதை வாசித்துவிட்டு டீ குடிப்போம். யாரும் காரணம் சொல்லக்கூடாது, யாரும் தேதி குறிக்கக்கூடாது. இந்த இரண்டு மட்டும்தான் சட்டம்.

இதனால் ஜெபம் குறைந்துவிட்டதா என்று கேட்டால், கூடியிருக்கிறது. தனியாக ஜெபிக்க முடியாத நாட்கள் எல்லாருக்கும் வரும். கப்பர்நகூமில் நாலு பேர் கூரையைப் பிரித்து ஒருவனை இறக்கினார்களே, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவனிடம் உனக்கு விசுவாசம் எவ்வளவு என்று கேட்கவில்லை. உங்களால் முடியாத வாரத்தில் மற்றவர்கள் தூக்கட்டும்.

இன்னொரு விஷயம், இதைத் தயவுசெய்து எல்லாரும் கேளுங்கள். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். திரும்பவும் தூங்கவிட்டு, திரும்பவும் சாப்பிடச் சொன்னான். தொழில் போனவர்கள், பரீட்சையில் போனவர்கள் வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், சாக வேண்டும் என்ற நினைப்போடு இருந்தால் அதற்கு டாக்டரைப் பாருங்கள். மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கோரிமேட்டுத் தம்பி, உனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன், பார்.

---

அரிசிபாளையத்தான் | செவ்வாய், மாலை 6.40

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடனில் இருப்பவரிடம் ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. எங்கள் பங்கில் வின்சென்ட் தெ பவுல் சபை உண்டு. வாரா வாரம் கூடி, இரண்டிரண்டு பேராகக் கஷ்டப்படுகிற வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பள்ளிக்கூட பீஸ், மருந்து என்று பார்த்துச் செய்வார்கள். பெயர் வெளியில் வராது. தம்பி இறந்தபின் அவன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஒரு வருடம் ஓடியது. உங்கள் சபையிலும் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

---

பெயர்_வேண்டாம் | செவ்வாய், இரவு 10.50

மாதத்தில் ஒரு வெள்ளி எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கிறீர்களா? குழந்தை வேண்டும் என்ற குறிப்பையும்? அதைக் கேட்கிறவர்கள் முகம் எப்படி இருக்கும் அக்கா?

---

அஸ்தம்பட்டி_அக்கா | செவ்வாய், இரவு 11.05

இரண்டு பேருடைய குறிப்பு அதுதான் கண்ணு. ஒருத்தி வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குறிப்பை அடிக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும், நான் கேட்டது அங்க இருக்கணும்" என்றாள். அவள்தான் எங்கள் கூட்டத்தில் மற்றவர்களுக்காக அதிகம் ஜெபிக்கிறவள். முகத்தைப் பற்றிக் கவலைப்படாதே, வந்து பார்.

---

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | புதன், இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதணும், இப்போதைக்கு முடிந்ததை எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் ஐயர் வீட்டுக்குப் போய் இந்த இழையைப் போனிலேயே காட்டினேன். பழைய வாத்தியார் ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தார். "செய்த பிறகு சொல்லுங்க" என்று தான் சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் கிளறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வர்ற ஞாயிறு பாட்டுக்கு அப்புறம் உங்களைக் கூப்பிடறேன், ரொம்ப நேரம் எடுக்காதீங்க" என்றார். என்ன சொல்லப் போகிறேன் என்று இன்னும் எழுதிப் பார்க்கவில்லை. பட்டறை போனது, மூன்று குடும்பத்துக்கு அதனால் வேலை போனது, அந்தப் பையன்களுக்கு வேலை வேண்டும், எனக்காகக் கடன் தீர ஜெபியுங்கள், நான் எங்கேயும் போகவில்லை. இவ்வளவுதான் வரும் என்று நினைக்கிறேன். கடன் விஷயத்தில் சபைப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஓமலூர் அண்ணா போனில் பேசினார். நீண்ட நேரம் பேசினோம். இரண்டு பேருக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வந்து பக்கத்தில் உட்காருகிறேன் என்றார். வரட்டும்.

அக்கா, இந்த வெள்ளி உங்கள் வீட்டுக் கூட்டம் எத்தனை மணிக்கு? வீட்டம்மாவும் வருகிறேன் என்கிறாள்.

---

அஸ்தம்பட்டி_அக்கா | புதன், இரவு 8.45

ஆறரை மணி தம்பி. விலாசம் தனிமடலில் அனுப்புகிறேன். இந்த வாரம் நோட்டு வாசிக்கிற வாரம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், சாப்பாடு இங்கேதான்.